வை-பை பெட்டி வாங்கப் போறீங்களா? அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை முதல்ல பாருங்க!

புதுச்சேரி,

முத்தியால்பேட்டை முதல் வில்லியனூர் வரை இன்று வை-பை இல்லாத தெருவே இல்லை. டி.வி. ஸ்டாண்டு மேலயோ, அலமாரி மேலயோ ஒரு பெட்டி லைட்டைக் கண்சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்காகக் கடன் வாங்கி கனெக்‌ஷன் போட்ட குடும்பங்கள் உண்டு. பிரான்சில் இருக்கும் மகனோடும் பேத்தியோடும் வீடியோ காலில் பேசும் சொல்தா வீட்டுப் பாட்டிகளுக்கும் அந்தப் பெட்டிதான் துணை.

சிவப்பு லைட் எரியும் வரைக்கும் அந்தப் பெட்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கேபிள்காரர் வந்து மாட்டினார், பாஸ்வேர்டு சொன்னார், போயிட்டார். அவ்ளோதான்.

ஆனால் ரவுட்டர் என்று சொல்லப்படும் அந்தப் பெட்டியும் ஒரு சின்ன கம்ப்யூட்டர்தான். அதற்குள்ளேயும் ஒரு சாப்ட்வேர் ஓடுகிறது. அதற்கு ‘பர்ம்வேர்’ என்று பேர். செல்போனுக்கு அப்டேட் வருவதுபோல இதற்கும் அப்டேட் வர வேண்டும். சில வருடம் வரும். பிறகு கம்பெனி அடுத்த மாடலுக்குப் போய்விடும், பழைய பெட்டியைக் கைவிட்டுவிடும். பெட்டி நல்லாத்தான் ஓடும். பூட்டு மட்டும் துருப்பிடித்துப் போகும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. கம்பெனி கைவிட்டாலும் வேறு ஒரு இலவச சாப்ட்வேரை ஏற்றி, அதே பெட்டியை இன்னும் பல வருடம் பத்திரமாக ஓட்டலாம். ஆனால் எல்லாப் பெட்டியும் அதை ஏற்காது. ஏற்கிற பெட்டியா என்பதை வாங்கும்போதே பார்த்து வாங்க வேண்டும். எப்படிப் பார்ப்பது என்பதுதான் இந்தச் செய்தி.

‘அட்மின்’ பாஸ்வேர்டால் வந்த வினை

2017-ம் ஆண்டு ஜூலை மாதம் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வாடிக்கையாளர்கள் பலருக்கு திடீரென்று நெட் நின்றுபோனது. கர்நாடகத்தில் பாதிப்பு அதிகம். ஒயர் அறுந்ததா, எக்சேஞ்சில் கோளாறா என்று பார்த்தால் ரெண்டும் இல்லை. மோடத்துக்குள்ளேயே வைரஸ் புகுந்துவிட்டது.

எப்படிப் புகுந்தது? மோடத்தோடு வந்த யூசர் நேம் ‘அட்மின்’. பாஸ்வேர்டும் ‘அட்மின்’. வாங்கிய நாளில் இருந்து மாற்றாமல் விட்டவர்களின் மோடம்கள்தான் மாட்டிக்கொண்டன. உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று பி.எஸ்.என்.எல். நிர்வாகம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

நெட் நின்றுபோவது சின்னத் தலைவலி. இதைவிடப் பெரியது இருக்கிறது.

2008-ம் ஆண்டு ஜூலை 26-ந்தேதி ஆமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. குண்டு வெடிப்பதற்குச் சற்று முன்பு டி.வி. சேனல்களுக்கு மிரட்டல் இ-மெயில் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று போலீசார் தேடிப் போனபோது நவிமும்பையில் ஒரு அமெரிக்கர் குடியிருந்த பிளாட்டில் போய் நின்றார்கள். கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போய் விசாரணை நடந்தது. அவர் வீட்டு வை-பைக்கு ஒழுங்கான பூட்டு இல்லை, வேறு யாரோ அதில் புகுந்து மெயிலை அனுப்பியிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அதே ஆண்டு டெல்லி குண்டுவெடிப்பின்போது வந்த மெயிலும் மும்பையில் அடுத்தவர் வை-பை வழியாகத்தான் போனது. இதன் பிறகுதான் வை-பையைப் பூட்டி வையுங்கள் என்று தொலைத்தொடர்புத் துறை 2009-ல் உத்தரவே போட்டது.

அப்போதாவது ஆள் வீட்டுப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டியிருந்தது. இப்போது அதுகூட வேண்டாம். 2025-ம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் எப்.பி.ஐ. போலீஸ் ஒரு எச்சரிக்கை விட்டது. கம்பெனி அப்டேட்டை நிறுத்திவிட்ட பழைய ரவுட்டர்களுக்குள் திருடர்கள் வெளியூரில் இருந்தபடியே புகுந்து, அந்த வீட்டு நெட் வழியாகத் தங்கள் வேலையைப் பார்க்கும் வசதியைக் காசுக்கு விற்கிறார்கள் என்பதுதான் அது. பட்டியலில் இருந்தவை பெரும்பாலும் பழைய லிங்க்சிஸ் மாடல்கள்.

எங்கோ ஒருத்தன் பேங்க் மோசடி செய்வான். சைபர் கிரைம் போலீசாருக்குக் கிடைக்கும் நம்பர் உங்கள் வீட்டு கனெக்‌ஷன் நம்பர். பில் யார் பேரில் வருகிறதோ அவர் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுவார்கள். நான் ஒன்றும் செய்யவில்லை சார் என்று நிரூபிப்பதற்குள் எத்தனை நாள் கூலி போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆட்டோவுக்கு கேஸ் கிட் மாதிரி

பெட்ரோல் ஆட்டோவுக்கு கேஸ் கிட் போடுவது எல்லோருக்கும் தெரியும். பாடி அதேதான், சக்கரம் அதேதான். உள்ளே ஓடும் விதம் மாறுகிறது. ரவுட்டருக்கு மாற்று சாப்ட்வேர் போடுவதும் அப்படித்தான். கிட் எல்லா வண்டிக்கும் பொருந்தாது என்பதும் இங்கே பொருந்தும்.

இது ஆரம்பித்த கதை சுவாரசியமானது. அமெரிக்காவின் லிங்க்சிஸ் கம்பெனி 2002-ம் ஆண்டு கடைசியில் ‘டபிள்யூ.ஆர்.டி. 54 ஜி’ என்று நீலமும் கறுப்புமாக ஒரு ரவுட்டரை விட்டது. அதற்குள்ளே ஓடியது லினக்ஸ் என்று சிலர் கண்டுபிடித்தார்கள். லினக்ஸ் யாருக்கும் இலவசம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அதை வைத்துப் பொருள் செய்து விற்றால், அந்த சாப்ட்வேர் எழுதப்பட்ட மூலத்தையும் கேட்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும். பேச்சு வலுத்ததும் 2003-ல் லிங்க்சிஸ் அதை வெளியிட்டது.

அதை எடுத்து, திருத்தி, மேம்படுத்தி 2004-ல் பிறந்ததுதான் ‘ஓபன் டபிள்யூ.ஆர்.டி.’. அந்த ரவுட்டரின் பேரே இதன் பேரில் பாதியாக ஒட்டிக்கொண்டது. உலகம் முழுவதும் தன்னார்வலர்கள் சேர்ந்து இன்று வரை இதை வளர்க்கிறார்கள். காசு கிடையாது. ‘டி.டி. டபிள்யூ.ஆர்.டி.’, ‘பிரெஷ் டொமேட்டோ’ என்று வேறு சிலவும் உண்டு. புதிதாக இறங்குபவர்களுக்கு முதலில் சொன்னதே போதும். பெட்டிகளின் பட்டியல் அதில்தான் பெரிது, ஒழுங்காகவும் இருக்கிறது.

தேனியில் நடந்தது

சாப்ட்வேரை மாற்றினால் என்ன பெரிசா ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு நம்ம தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது.

தவளக்குப்பத்தில் இருக்கும் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி நமக்குத் தெரியும். அதே அரவிந்துக்கு தேனியிலும் ஆஸ்பத்திரி உண்டு. சுற்று வட்டாரத்தில் சின்னச் சின்ன கண் பரிசோதனை மையங்கள். அங்கே டாக்டர் இருக்க மாட்டார். நோயாளி பஸ் பிடித்து, ஒரு நாள் கூலியை விட்டு, தேனிக்கு வர வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இன்டெல் கம்பெனியோடு சேர்ந்து 2006-க்குள் 5 மையங்களை தேனி ஆஸ்பத்திரியோடு வை-பையாலேயே இணைத்தார்கள். கோபுரத்தில் ஆண்டெனா, சின்ன கம்ப்யூட்டர் போர்டு, சாதாரண வை-பை கார்டு. நோயாளி கிராமத்தில் கேமரா முன்னால் உட்கார்ந்தார். டாக்டர் தேனியில் இருந்தபடியே பார்த்துப் பேசினார்.

வீட்டு வை-பை அடுத்த ரூமுக்கே தடுமாறும்போது பல கிலோமீட்டர் எப்படிப் போனது? ஆண்டெனா பாதி வேலை செய்தது. மீதி வேலையைச் செய்தது சாப்ட்வேர். சாதாரண வை-பை ஒவ்வொரு துண்டுத் தகவலை அனுப்பியதும் ‘வந்து சேர்ந்தது’ என்ற பதிலுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருக்கும். தூரம் கூடினால் பதில் வர லேட்டாகும். வரவில்லை என்று நினைத்து திரும்பத் திரும்ப அனுப்பிக் குழம்பும். இரண்டு முனையும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்ளும். இந்தப் பழக்கத்தை மாற்றி, முறை வைத்துப் பேசும்படி சாப்ட்வேரைத் திருத்தினார்கள். வை-பை கார்டு அதேதான்.

நம் வீட்டில் பல கிலோமீட்டர் வேண்டாம். ஆனால் பெட்டியின் திறமை பெட்டியில் பாதி, சாப்ட்வேரில் பாதி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நமக்கு என்ன லாபம்?

முதல் லாபம், அப்டேட். கம்பெனி விட்டுவிட்ட பெட்டிக்கும் புதுப் பூட்டு கிடைக்கும்.

இரண்டாவது, எல்லோரும் ஒரே நேரத்தில் நெட் பயன்படுத்தும்போது வரும் தடுமாற்றம். பையன் கேம் ஆடுவான், பொண்ணு வீடியோ இறக்குவாள், அம்மா பாரீசில் இருக்கும் தம்பியோடு பேசுவார். பேச்சு அறுந்து அறுந்து வரும். ஒருத்தரே குழாய் முழுவதையும் அடைத்துக்கொள்ளாமல் எல்லோருக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கும் வசதி ஓபன் டபிள்யூ.ஆர்.டி.-யில் உண்டு. குறைந்த ஸ்பீடு பிளான் போட்ட வீட்டில்தான் இதன் அருமை தெரியும். பிளானை ஏற்றி மாசம் 200 ரூபாய் கூடக் கட்டுவதற்கு முன்னால் இதைச் செய்து பார்க்கலாம்.

ராத்திரி 10 மணிக்கு மேல் பிள்ளைகளின் செல்போனுக்கு மட்டும் நெட்டை நிறுத்தலாம். யார் எத்தனை ஜி.பி. தின்கிறார்கள் என்று பார்க்கலாம். விருந்தாளிகளுக்குத் தனி வை-பை கொடுக்கலாம். இவற்றில் சில கம்பெனி சாப்ட்வேரிலும் உண்டு, மறுப்பதற்கில்லை.

பேர் ஒண்ணு, உள்ளே வேற

இப்போது கடைக்குப் போவோம். நேரு வீதியிலோ மறைமலை அடிகள் சாலையிலோ கடைக்காரர் முதலில் கேட்பது, எத்தனை ஆண்டெனா வேணும் என்பது. ஆண்டெனாவை எண்ணி ரவுட்டர் வாங்குவது, கொம்பை எண்ணி மாடு வாங்குவது மாதிரி. அதை விடுங்கள்.

பார்க்க வேண்டியது பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை. அதில் மாடல் பேர் இருக்கும். பக்கத்திலேயே சின்ன எழுத்தில் வெர்ஷன் நம்பர் இருக்கும். ‘வெர்’ என்றோ வெறும் ‘வி’ என்றோ போட்டு ஒரு எண். மாடல் பேரைவிட அந்த எண்தான் முக்கியம்.

காரணம் இருக்கிறது. மேலே சொன்ன லிங்க்சிஸ் ரவுட்டர் சக்கைப்போடு போட்டது. 2005-ல் அதே பேர், அதே தோற்றத்தில் 5-வது வெர்ஷன் வந்தது. உள்ளே மெமரியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். லினக்சையும் எடுத்துவிட்டார்கள். விஷயம் தெரியாமல் வாங்கியவர்கள் கையைப் பிசைந்தார்கள். சத்தம் வந்த பிறகு, ‘எல்’ என்ற எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்து பழைய மாதிரியையே தனி மாடலாகக் கம்பெனி விற்றது.

இன்றைக்கும் எல்லாக் கம்பெனியும் இதைச் செய்கிறது. ஒரே மாடல் பேரில் சிப்பை மாற்றுவார்கள், மெமரியைக் குறைப்பார்கள். ஒரே வெர்ஷனிலேயே அமெரிக்காவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று என்று வித்தியாசமும் உண்டு. அட்டைப்பெட்டியில் போட்டோ ஒன்றேதான்.

மூன்று விஷயம் மட்டும் பாருங்க

மெமரி, சிப், பட்டியல். இந்த மூன்றும் போதும்.

மெமரியில் இரண்டு வகை. ஒன்று பிளாஷ். சாப்ட்வேர் குடியிருக்கும் இடம். இன்னொன்று ரேம். வேலை செய்யும் மேஜை. பிளாஷ் 16 எம்.பி., ரேம் 128 எம்.பி. இருந்தால் நல்லது. செல்போன் கணக்கில் பார்த்தால் இது கடுகு. ஆனால் ரவுட்டருக்கு இது தாராளம். பிளாஷ் 8, ரேம் 64 என்றால் திக்கித் திணறி ஓடும், கூடுதல் வசதி எதுவும் போட இடம் இருக்காது. பிளாஷ் 4, ரேம் 32 என்றால் தொடவே வேண்டாம். அந்த வகைக்கு 2019 வரிசை வெளியீட்டோடு ஓபன் டபிள்யூ.ஆர்.டி. குழுவே கைகழுவிவிட்டது.

நம் ஊரில் ரொம்ப நாளாக ஓடிய டிபி-லிங்க் ‘டபிள்யூ.ஆர். 841 என்’ பலருக்கு ஞாபகம் இருக்கும். விலை மலிவு, உழைப்பாளி. அதன் பெரும்பாலான வெர்ஷன்கள் இந்த 4-க்கு 32 வகைதான். அதன் நெட் ஓட்டைகளும் 100 எம்.பி. வேகத்துக்கு மேல் தாங்காது. ஓடுகிற வரை ஓட்டுங்கள். மாற்று சாப்ட்வேருக்காக புதிதாக ஒன்று வாங்க வேண்டாம்.

அடுத்து சிப். மீடியாடெக், குவால்காம் கம்பெனிகளின் சிப் இருந்தால் மாற்று சாப்ட்வேர் ஏற வாய்ப்பு அதிகம். பிராட்காம் என்றால் வை-பை பகுதி சரியாக வேலை செய்யாது. அதற்கான டிரைவரை அந்தக் கம்பெனி திறந்து கொடுக்கவில்லை. ரொம்ப மலிவான ரவுட்டர்களில் இருக்கும் ரியல்டெக் சிப்களும் பெரும்பாலும் உதவாது. சிப் பேர் அட்டையில் இருக்காது. அதற்குத்தான் மூன்றாவது விஷயம்.

ஓபன் டபிள்யூ.ஆர்.டி. குழு ஒரு பெரிய அட்டவணை வைத்திருக்கிறது. கம்பெனி, மாடல், வெர்ஷன், பிளாஷ், ரேம், சிப், எல்லாம் அதில் இருக்கும். கடையில் நின்றபடியே செல்போனில் தேடலாம். உங்கள் கையில் இருக்கும் மாடலும் வெர்ஷனும் அட்டவணையில் இருந்தால் வாங்குங்கள். மாடல் இருந்து வெர்ஷன் இல்லை என்றால் இல்லைதான். ‘எல்லாம் ஒண்ணுதான் சார், லேட்டஸ்ட் வெர்ஷன் இன்னும் நல்லா இருக்கும்’ என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வேறு பெட்டி கேளுங்கள்.

எந்தப் பெட்டி?

டிபி-லிங்க் ‘ஆர்ச்சர் சி6’ வெர்ஷன் 3-ல் மீடியாடெக் சிப், 16 எம்.பி. பிளாஷ், 128 எம்.பி. ரேம். எல்லா ஓட்டையும் ஜிகாபிட் வேகம். கம்பெனியின் செட்டிங் பக்கம் வழியாகவே மாற்று சாப்ட்வேரை ஏற்றிவிடலாம். புதிதாகச் செய்பவர்களுக்கு இது ஏற்ற பெட்டி. அதே சி6-ன் வெர்ஷன் 2 வந்தால் கவனம் தேவை. அதில் நாட்டுக்கு நாடு பிளாஷ் அளவு மாறும், சாப்ட்வேர் பைலும் மாறும். அதற்கு மேற்பட்ட வெர்ஷன் என்றால் அட்டவணையைப் பார்க்காமல் கை வைக்க வேண்டாம்.

கொஞ்சம் கூடச் செலவு செய்யலாம் என்பவர்களுக்கு, வை-பை 6 ரகத்தில் ‘ஆர்ச்சர் ஏ.எக்ஸ். 23’ வெர்ஷன் 1.

ஷாவ்மியின் ‘எம்.ஐ. 4சி’ விலை குறைவு. பிளாஷ் 16 இருந்தாலும் ரேம் 64-தான். ‘4ஏ’ என்பதில் சாதா ஒன்று, ஜிகாபிட் எடிஷன் என்று ஒன்று, இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. ஜிகாபிட்தான் நல்ல சரக்கு. ஆனால் ஷாவ்மி பெட்டிகளில் கம்பெனி பூட்டு இருக்கும். அதை உடைத்துத்தான் உள்ளே போக வேண்டும். கம்ப்யூட்டர் படித்த பையன் வீட்டில் இருந்தால் மட்டும் யோசியுங்கள். அந்த மாடலிலும் பிறகு வந்த பெட்டிகளில் உள்ளே மாற்றம் உண்டு.

டி-லிங்க் ‘டி.ஐ.ஆர். 615’ ஊரெல்லாம் கிடக்கிறது. அதற்கு ஏகப்பட்ட வெர்ஷன். நம்பிப் போக வேண்டாம் என்பதுதான் நம் கருத்து.

ஓபன் டபிள்யூ.ஆர்.டி. குழுவினரே 2024 நவம்பரில் ‘ஓபன் டபிள்யூ.ஆர்.டி. ஒன்’ என்று சொந்தமாக ஒரு ரவுட்டரை வெளியிட்டார்கள். விலை 89 டாலர். வரி, கூரியர் எல்லாம் சேர்த்தால் நம்ம பட்ஜெட்டுக்கு ஆகாது.

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய ரவுட்டர் கிடைத்தால்? வாங்கலாம், தப்பில்லை. ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் விட்டுவிடுங்கள். அடாப்டர் கூட இருக்கிறதா, அதில் போட்டிருக்கும் வோல்டும் ஆம்பியரும் பெட்டியில் போட்டிருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 9 வோல்ட் பெட்டியில் 12 வோல்ட் அடாப்டரைச் சொருகினால் வீட்டுக்கு வந்த அன்றே புகைந்துவிடும். ஒரு சில கேபிள் கம்பெனிகள் கொடுத்த பெட்டிகளும் அங்கே வரும். அவை அந்தக் கம்பெனி லைனுக்கு மட்டும் பூட்டப்பட்டிருக்கலாம்.

பைபர் பெட்டியைத் தொடாதீங்க

முக்கியமான ஒன்று. பைபர் கனெக்‌ஷனில் சுவரில் இருந்து வரும் மெல்லிய கண்ணாடி ஒயர் ஒரு பெட்டியில் சொருகப்பட்டிருக்கும். அது ‘ஓ.என்.டி.’. பி.எஸ்.என்.எல்., ஜியோ, ஏர்டெல், உள்ளூர் கேபிள்காரர் யாராக இருந்தாலும் சரி, அந்தப் பெட்டிக்கு மாற்று சாப்ட்வேர் போட நினைக்கக் கூடாது. லைனே போய்விடும்.

செய்ய வேண்டியது இதுதான். அந்தப் பெட்டி அப்படியே இருக்கட்டும். அதில் இருந்து ஒரு லேன் ஒயர் எடுத்து உங்கள் புது ரவுட்டரில் ‘வேன்’ என்று போட்டிருக்கும் ஓட்டையில் சொருகுங்கள். வீட்டு செல்போன், டி.வி. எல்லாம் புது ரவுட்டரின் வை-பையில் சேரட்டும். பழைய பெட்டியின் வை-பையை அணைத்துவிடுங்கள். பெரும்பாலான வீட்டுக்கு இது போதும்.

ஓ.என்.டி.-யை ‘பிரிட்ஜ்’ ஆக்கி, கனெக்‌ஷனை நேராக ரவுட்டரிலேயே போடும் முறையும் உண்டு. அதற்கு யூசர் நேம், பாஸ்வேர்டு, ‘வி-லேன்’ எண் மூன்றையும் கேபிள்காரரிடம் எழுதி வாங்க வேண்டும். சில லைன்களில் அப்படிச் செய்தால் அதோடு வந்த லேண்ட்லைன் போன் ஊமையாகிவிடும். கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

தடிச்ச சுவர் என்ன செய்யும்?

புதுச்சேரிக்கே உரிய பிரச்சினை ஒன்று. பழைய பிரெஞ்சுக்காலத்து வீடுகளும், நம்ம தமிழர் பகுதி தாழ்வார வீடுகளும் செங்கல், சுண்ணாம்பில் கட்டிய தடிச்ச சுவர் உள்ளவை. முன் ரூமில் பெட்டி வைத்தால் பின்கட்டில் சிக்னல் இருக்காது. 5 கிகாஹெர்ட்ஸ் வை-பை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டச் சிரமப்படும். 2.4 வேகம் குறைவு, கொஞ்சம் கூடத் தாண்டும்.

இங்கே மாற்று சாப்ட்வேர் மாயம் செய்யும் என்று நினைக்க வேண்டாம். ஆண்டெனா பவரை ஏற்றிவிடலாம் என்று சிலர் செட்டிங்கில் நாட்டையே மாற்றி வைக்கிறார்கள். அது சட்டப்படி தப்பு. சிக்னலும் உருப்படாது, செல்போன் பதில் சொல்லும் பவர் கூடாதே! நாடு ‘இந்தியா’ என்றே இருக்கட்டும். பழைய ரவுட்டர் ஒன்றுக்கு மாற்று சாப்ட்வேர் போட்டு, பின்கட்டு வரை ஒரு லேன் ஒயர் இழுத்து, அங்கே இரண்டாவது வை-பை பாயிண்டாக வைப்பதுதான் சரியான வைத்தியம். ஒயர் செலவோடு முடிந்தது.

ஏற்றும்போது கவனம்

சாப்ட்வேர் மாற்றினால் வாரண்டி போகலாம். அதனால் புதுப் பெட்டியை வாங்கி சில வாரம் கம்பெனி சாப்ட்வேரிலேயே ஓட்டுங்கள். கோளாறு இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும், மாற்றி வாங்கலாம்.

பைலில் இரண்டு வகை இருக்கும். முதல் தடவை ஏற்றுவதற்கு ‘பேக்டரி’ என்று பேர் உள்ளது. அடுத்தடுத்த அப்டேட்டுக்கு ‘சிஸ்அப்கிரேடு’. மாற்றிப் போடக் கூடாது. வெர்ஷன் நம்பரை மறுபடி ஒரு தடவை சரிபாருங்கள். வை-பை வழியாக ஏற்றாதீர்கள், லேன் ஒயர் போட்டுச் செய்யுங்கள். நடுவில் கரண்ட் போனால் பெட்டி செங்கல்லாகிவிடும். நம்ம ஊர் கரண்டை நம்பி இறங்காமல் இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள்.

செங்கல் ஆகிவிட்டாலும் உடனே தலையில் கை வைக்க வேண்டாம். டிபி-லிங்க் பெட்டிகள் பலவற்றில் ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்து, கம்ப்யூட்டரில் இருந்து பழைய சாப்ட்வேரைத் திரும்ப ஊட்டும் வழி இருக்கிறது. அட்டவணையில் அந்தந்த மாடல் பக்கத்தில் விவரம் இருக்கும். ஏற்றுவதற்கு முன்பே அதைப் படித்து, கம்பெனி சாப்ட்வேரையும் டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளுங்கள். நெட் போன பிறகு எங்கே போய் டவுன்லோடு செய்வது?

ஏற்றி முடித்ததும் வை-பை வரவில்லையே என்று பதற வேண்டாம். ஓபன் டபிள்யூ.ஆர்.டி.-யில் முதலில் வை-பை அணைந்துதான் இருக்கும். ஒயர் வழியாக 192.168.1.1 என்ற முகவரிக்குப் போங்கள். பாஸ்வேர்டு எதுவும் கேட்காது. முதல் வேலையாக ஒரு பாஸ்வேர்டு வையுங்கள், பிறகு வை-பையை ஆன் செய்யுங்கள். பாஸ்வேர்டு வைக்காமல் விட்டால் ‘அட்மின்-அட்மின்’ கதைதான்.

இது யாருக்கு வேண்டாம்?

வீட்டில் கம்ப்யூட்டரே இல்லை, எல்லாம் செல்போன்தான் என்றால் இதில் இறங்க வேண்டாம். மாசம் ஒரு தடவையாவது செட்டிங்கைப் பார்க்க ஆள் இல்லை என்றாலும் வேண்டாம். மாற்று சாப்ட்வேரும் தானாக அப்டேட் ஆகாது, யாராவது கவனிக்க வேண்டும்.

அவர்கள் செய்ய வேண்டியது நாலே வேலை. பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வை-பை பாஸ்வேர்டில் போன் நம்பரையோ பிள்ளை பேரையோ வைக்காதீர்கள். பட்டன் அழுத்தினால் சேரும் ‘டபிள்யூ.பி.எஸ்.’ வசதியை அணைத்துவிடுங்கள். கம்பெனி அப்டேட் வந்தால் போடுங்கள். கேபிள்காரர் மாட்டிய பெட்டி என்றால் அடுத்த முறை அவர் வரும்போது இந்த நாலையும் அவரையே செய்யச் சொல்லுங்கள். மாசம் மாசம் காசு கொடுக்கிறோமே, கேட்பதில் கூச்சம் என்ன?

செய்து பார்க்க ஆசை இருக்கு, கூட யாராவது இருந்தால் தைரியமாக இருக்கும் என்பவர்களுக்கு, புதுச்சேரியிலேயே எப்.எஸ்.எச்.எம். என்ற கட்டற்ற மென்பொருள், வன்பொருள் இயக்கம் இருக்கிறது. இந்த மாதிரி இலவச சாப்ட்வேர் விஷயங்களில் ஆர்வமுள்ள இளைஞர்கள் அதில் இருக்கிறார்கள். போகும்போது ரவுட்டரோடு அடாப்டரையும், ஒரு லேன் ஒயரையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.